மேடு ஏறிய டிராம் வண்டி

ஃபிரிஸ்கோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு ரயில் கம்பெனியின் பெயர் அது! ஆனால் அந்தக் காலத்தில் இங்கே வந்தது நீராவி ரயில். பழைய மின்சார ரயிலைப் பார்க்கணும்னா பக்கத்து ஊர் பிளேனோவுக்குப் போங்க. அங்கே ஒரு பழைய ரயில் நிலையம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. 1908 முதல் 1948 வரை டாலஸுக்கும் டெனிசனுக்கும் நடுவே மின்சார ரயில் அந்த வழியாக ஓடியது.

இப்படிப்பட்ட ரயில்களுக்கு வழி காட்டியவர் பிராங்க் ஸ்பிரேக். அவர் 1857-இல் கனெக்டிகட்டில் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். அத்தைதான் வளர்த்தார். பிராங்க் கடற்படைக் கல்லூரியில் படித்தார். பிறகு எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். எடிசனுக்கு மின்விளக்கில் ஆசை. பிராங்குக்கு மோட்டாரில் ஆசை. அதனால் 1884-இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

அப்போது டிராம் வண்டிகளைக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும்தான் இழுத்தன. பாவம், மேடு வந்தால் திணறும்! சில ஊர்களில் மின்சார வண்டிகளும் இருந்தன. ஆனால் அவை அடிக்கடி நின்றுபோகும்.

1887-இல் ரிச்மண்ட் நகரத்தில் பிராங்குக்குப் பெரிய வேலை கிடைத்தது. 12 மைல் பாதை, 40 வண்டிகள். எல்லாவற்றையும் 90 நாளில் முடிக்கணும். வண்டிகள் நன்றாக ஓடினால்தான் பணம்! அந்த நேரம் பார்த்து அவருக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. எழுந்து வந்து ஊரின் மேடுகளைப் பார்த்தார். ரொம்பச் செங்குத்து. இதில் வண்டி ஏறுமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஓர் இரவு ரகசியமாக ஏற்றிப் பார்த்தார். வண்டி மெதுவாக, மெதுவாக மேலே போனது. உச்சிக்கே போய்விட்டது! ஆனால் மோட்டார் ரொம்பச் சூடாகிக் கெட்டுப்போனது. அப்போது நாடகம் முடிந்து மக்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். வண்டி கெட்டுப்போனது அவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? பிராங்க் விளக்கை அணைத்தார். ஏதோ சின்னக் கோளாறு, கருவிகள் வரணும் என்று காட்டிக்கொண்டு இருக்கையில் படுத்துவிட்டார். கூட்டம் கலைந்தது. கடைசியில் வந்த ‘கருவிகள்’ எவை தெரியுமா? நான்கு கோவேறு கழுதைகள்! கழுதைகளின் வேலையைச் செய்ய வந்த வண்டியைக் கழுதைகளே இழுத்துக்கொண்டு போயின.

பிராங்க் விடவில்லை. மோட்டாரைத் திருத்தினார், பற்சக்கரங்களை மாற்றினார். 90 நாளில் வேலை முடியவில்லை; சொந்தப் பணமும் நிறையப் போனது. ஆனால் 1888 பிப்ரவரியில் ரிச்மண்டில் மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கின. மற்ற ஊர்களும் அதே மாதிரி கேட்டன. ஒரு டிராம் நாட்டையே தாண்டியது! டெக்சாஸின் எல் பாசோவிலிருந்து ஆற்றைக் கடந்து மெக்சிகோவின் ஹுவாரெஸ் ஊருக்கு 1902 முதல் மின்சார டிராம் போய் வந்தது.

ஒரு வண்டி சரி. பல பெட்டிகளைச் சேர்த்து ஓட்டுவது எப்படி? பல பெட்டிகளிலும் மோட்டார் வைத்து, முன்னால் இருக்கும் ஓட்டுநர் ஒருவரே எல்லாவற்றையும் இயக்க பிராங்க் வழி கண்டுபிடித்தார். 1897-இல் ஆறு பெட்டி ரயிலை ஓட்டிக் காட்டினார்கள். ஓட்டியது யார் தெரியுமா? அவருடைய மகன் டெஸ்மண்ட். கிட்டத்தட்ட உங்க வயசுதான் இருக்கும்!

சென்னையில் 1895-இலேயே மின்சார டிராம் வந்துவிட்டது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. பிராங்க் அப்போது உயிரோடு இருந்தார், 1934-இல்தான் இறந்தார். தாம்பரம் ரயில் இன்றும் ஓடுகிறது. உங்க தாத்தா பாட்டி அதில் போயிருக்கலாம். அடுத்த முறை போனில் பேசும்போது கேட்டுப் பாருங்களேன்.