ஸர் ராபர்ட் மக்காரிஸன்

நாடோறும் சோறுண்ணும் நாம் அச்சோற்றைப்பற்றி ஆராய்வது அரிது. அதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு நீலகிரியில் உழைத்த அறிஞரொருவரின் சரிதையை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

ராபர்ட் மக்காரிஸன் 1878-ம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் வைத்தியம் கற்று, 1901-ல் இந்திய வைத்திய ஊழியத்திற் சேர்ந்தார். கில்கிட் மலைநாட்டு ஜனங்களை வருத்திய கழுத்துக்கழலையின் காரணத்தை அறியவேண்டி, ஆண்டுள்ள நீரின் வண்டலைத் தாமும் அருந்தி, அந்நோயைத் தம்மிடத்தே வருவித்துக்கொண்டார்.

1918-ல் குன்னூர்ப் பாஸ்டியர் நிலையத்தின் ஓரறையில் பெரிபெரி நோயைப்பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அரிசியை யந்திரத்தில் மிகத் தீட்டுங்கால் தவிட்டோடு ஜீவசத்தும் நீங்கிவிடுகின்றது. நெல்லைப் புழுக்கினாலோ அச்சத்து உட்சென்று ஓரளவு எஞ்சுகின்றது. நம் பாட்டிமார் செய்துவந்த காரியத்திற்கு இங்ஙனம் காரணம் கிடைத்தது. ஆயின் 1923-ல் சர்க்கார் சிக்கனத்தை முன்னிட்டு அவ்வாராய்ச்சி நிறுத்தப்பட்டது. ஒரு தேசத்தார் உண்ணும் உணவைப்பற்றிய விசாரணை மிகைச்செலவாகத் தோன்றியதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பே உண்டாகின்றது. இரண்டாண்டு கழித்து அது மீண்டும் உயிர்பெற்று, 1928-ல் போஷணை ஆராய்ச்சிச்சாலையாக வளர்ந்தது.

அங்கே அவர் செய்த எலிப் பரீக்ஷையே பெரும்புகழ் பெற்றது. ஒரே வகை எலிக்குஞ்சுகளைக் கூட்டங்களாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மகாராஷ்டிரர், கூர்க்கர், கன்னடியர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோரின் உணவை ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஊட்டினார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி உண்ட சீக்கியக் கூட்டம் கொழுத்து வளர்ந்தது. நம்மவருணவை உண்டதோ எடையிற் கடைப்பட்டது. இது நமக்குக் கசப்பான செய்தியே. எனினும் குற்றம் ஜாதியினதன்று. தீட்டிய அரிசியும் பாலின்மையும் கீரை காய்களின் குறைவுமே காரணம். வறியவன் பாலுக்கு எங்கே போவான் என்பதை எலிக்கூண்டு சொல்லாது.

வயலையும் அவர் மறந்தாரில்லை. கோயமுத்தூர் விவசாய ரசாயன நிபுணர் விசுவநாத் என்பாருடன் கூடி, எருவிட்ட நிலத்துத் தானியத்தையும் ரசாயன உரமிட்ட நிலத்துத் தானியத்தையும் ஒப்பிட்டு, தொழுவெருவில் விளைந்ததே போஷணையில் மேலானதென்று 1926-ல் வெளியிட்டார். பின்வந்தோர் அனைவரும் இம்முடிவை ஒப்பினாரல்லர். ஆயினும் மண்ணுக்கு இடும் உணவு மனிதனுணவில் வந்து சேருமோ என்னும் வினாவை நம் நாட்டில் பரீக்ஷைக்குக் கொணர்ந்த பெருமை அவர்களுடையது. அக்காலத்தே விசாரணை செய்த ராஜாங்க விவசாயக் கமிஷன் முன்னிலையிலும், ஜனங்களின் பலவீனத்திற்கு உணவுக்குறையே தலையாய காரணமென வற்புறுத்தினார்.

1933-ல் ஸர் பட்டமும் பெற்று, 1935-ல் ஓய்வடைந்து தாய்நாடு சென்றார். ஆராய்ச்சிச்சாலை 1958-ல் ஹைதராபாதிற்கு மாற்றப்பட்டது. மக்காரிஸன் 1960-ல் ஆக்ஸ்போர்டில் காலமானார். இந்தியப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்குமென 1928-ல் உணவைப்பற்றி அவர் எழிய நடையில் ஒரு சிறுநூல் எழுதினார். நம் விடுதிச் சமையலறைக்கு அதன் பிரதியொன்று எட்டியதா என்பதை அங்கு உண்ணும் நண்பர்களே கூறல் வேண்டும்.