எழுத்தை ஆராய்ந்த பொறியாளர்: பா. வே. மாணிக்க நாயக்கர்

சேலத்தை அடுத்த பாகல்பட்டியில் 1871ஆம் ஆண்டு பிறந்தவர் பா. வே. மாணிக்க நாயக்கர். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். உயர்பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையிலிருந்த அக்காலத்தில், தம் திறமையால் மேல்நிலைக்கு உயர்ந்தார். மேட்டூர் அணைத் திட்டத்தின் ஆக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. சிமெண்ட்டால் பெயர்பெற்ற மதுக்கரையில் அவரை அணையோடு சேர்த்து நினைப்பது இயல்பே. ஆயினும் இலக்கிய வட்டத்தார் நினைக்க வேண்டிய மாணிக்க நாயக்கர் வேறொருவர்.

மொழியையும் அவர் ஒரு கட்டுமானமாகவே நோக்கினார். எழுத்தொலிகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். நாயக்கரோ அதற்கும் அப்பால் சென்று, இவ்வெழுத்துக்கு இவ்வடிவம் ஏன் என்று கேட்டார். தமிழ் நெடுங்கணக்கின் மறைபொருள் குறித்து 1917இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். எழுத்து வடிவங்களின் மூலத்தை ஓங்காரத்தில் கண்டார். கல்வெட்டுச் சான்றுகள் இக்கொள்கைக்கு இடந்தரவில்லை. தமிழ் பிராமியிலிருந்து நூற்றாண்டுதோறும் மாறிவந்தவையே இன்றைய வடிவங்கள். உறுதியற்ற நிலத்தில் எழுப்பிய கட்டடம் அது என்று கூறத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் அதே ஆராய்ச்சி மற்றொரு பயனைத் தந்தது. பிறமொழி ஒலிகளை எழுதக் கிரந்த எழுத்தை நாட வேண்டுமா? ஆய்தத்தைத் துணைக்கொண்டு தமிழ் எழுத்துகளாலேயே அவற்றைக் குறிக்கலாம் என்று அவர் எடுத்துக்காட்டினார். வடமொழிக் கலப்பு நடையே புலமையின் அடையாளமாகப் போற்றப்பட்ட காலம் அது! இன்று பகரத்தின் முன் ஆய்தமிட்டு 'ஃபாரன்ஹீட்' என எழுதும் மாணவருள் எத்தனை பேர் நாயக்கரின் பெயரைக் கேட்டிருப்பர்?

'கம்பன் புளுகும் வால்மீகியின் வாய்மையும்' என்றும் ஒரு நூல் எழுதினார். தலைப்பே கம்பன் அன்பர்களைச் சினமூட்டப் போதுமானது. எனினும் காவியத்தை மேலோட்டமாகப் படித்தவர் தொடக்கூடிய பொருளன்று அது. புகழ்மொழி எழுதுவதினும் ஒப்பிட்டுக் குறைகாண்பதற்கு மிகுந்த கல்வி வேண்டும், துணிவும் வேண்டும்.

பணி ஓய்வுக்குப்பின் அவருக்கு வாய்த்தவை சில ஆண்டுகளே. 1925இல் தொடங்கிய மேட்டூர் அணை வேலை நடந்துகொண்டிருக்கையில், 1931 டிசம்பர் 25ஆம் நாள் மறைந்தார். அணை திறக்கப்பட்டது 1934 ஆகஸ்டில். அங்கே காவிரி தேங்கி நின்றதை அவர் காணவில்லை.