பூட்டுத் தொழிலாளியின் மகன் தந்த மின்சாரக் கணக்கு

வயரிங் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்து, இத்தனை 'ஓம்' காட்டுகிறது என்பார். இது கோவிலில் சொல்லும் ஓம் அல்ல. ஒரு மனிதரின் பெயர். வாழ்நாளில் பெரும் பகுதியைப் பள்ளிக்கூட வாத்தியாராகக் கழித்தவர் அவர். முழுப் பெயர் ஜார்ஜ் சைமன் ஓம்.

தந்தையே ஆசிரியர்

ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் 1789-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி ஓம் பிறந்தார். தந்தை பூட்டு செய்யும் தொழிலாளி. தாய் ஒரு தையற்காரரின் மகள். ஓமுக்குப் பத்து வயதானபோது தாய் இறந்துவிட்டார். பிறந்த ஏழு குழந்தைகளில் பிழைத்தவர்கள் மூன்று பேர்தான்.

தந்தை பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. புத்தகங்களைத் தானே படித்துத் தெரிந்து கொண்டவர். பட்டறை வேலை போக மீந்த நேரத்தில் தம் இரு மகன்களுக்கும் கணிதமும் விஞ்ஞானமும் கற்றுக் கொடுத்தார். இளைய மகன் மார்ட்டினும் பின்னாளில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

1805-ல் ஓம் எர்லாங்கன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். வயது பதினாறு. நடனம், பில்லியர்ட்ஸ், பனிச் சறுக்கு என்று பொழுது போயிற்று. நமக்குக் கிடைக்காத படிப்பை மகன் பாழாக்குகிறானே என்று தந்தை கொதித்தார். படிப்பு பாதியில் நின்றது. மகன் சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பள்ளி ஆசிரியராகப் பிழைக்க வேண்டியதாயிற்று.

வெளியூர் வாழ்க்கை அவரைத் திருத்தியது. கையில் கிடைத்த கணித நூல்களைத் தனியே படித்தார். 1811-ல் ஊர் திரும்பி டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் அங்கே சம்பளம் போதவில்லை. பாம்பர்க் நகரில் ஒரு சாதாரணப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பள்ளியும் 1816-ல் மூடப்பட்டது.

கம்பியில் கண்ட உண்மை

தாம் எழுதிய வடிவ கணித நூலை பிரஷ்யா மன்னருக்கு அனுப்பி வைத்தார். அதன் பயனாக 1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே நல்ல சோதனைக் கூடம் இருந்தது. தந்தையின் பட்டறையில் பழகிய கை. வேண்டிய கருவிகளைத் தாமே செய்து கொண்டார்.

அவர் தேடிய விடை இதுதான்: கம்பி நீண்டால் அதில் ஓடும் மின்சாரம் எவ்வளவு குறையும்?

1825-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். அது சரியாக அமையவில்லை. அந்தக் காலத்து பாட்டரியின் வேகம் நிலையாக நிற்காததே காரணம். பொகண்டார்ப் என்ற விஞ்ஞானி ஒரு யோசனை சொன்னார். அதன்படி 1826-ல் இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். சூடும் குளிரும் மாறாததால் மின்சாரமும் நிலையாக வந்தது. வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை மாற்றி மாற்றி வைத்து அளந்தார். உண்மை பிடிபட்டது.

மேல்தொட்டியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வருவதை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டியின் உயரம் தரும் அழுத்தம் வோல்ட். ஓடும் நீரின் அளவு ஆம்பியர். குழாயின் இடுக்கு மின்தடை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது மின்தடை. இதுவே ஓம் விதி.

புகழுக்குப் பதில் வறுமை

1827-ல் இதை நூலாக பெர்லினில் வெளியிட்டார். பல்கலைக் கழகத்தில் பதவி தேடி வரும் என்று நம்பினார். வரவில்லை. இயற்கையைக் கணக்கில் அடக்குவதா என்று சிலர் எதிர்த்தனர். பலர் கண்டுகொள்ளவே இல்லை. மனம் நொந்து 1828-ல் கொலோன் வேலையை ராஜினாமா செய்தார். அதன் பின் பெர்லினில் வாரத்தில் சில மணி நேரம் கணிதப் பாடம் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார். 1833-ல்தான் நியூரம்பர்க் தொழிற்கல்லூரியில் நிலையான வேலை கிடைத்தது.

மதிப்பு வெளிநாட்டிலிருந்து வந்தது. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி தனது காப்ளி பதக்கத்தை அளித்தது. அதன் பிறகே சொந்த நாடு விழித்துக் கொண்டது. இளமையிலிருந்து ஆசைப்பட்ட பல்கலைக் கழகப் பேராசிரியர் நாற்காலி, மியூனிக் நகரில் 1852-ல் கிடைத்தது. அப்போது வயது 63. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6-ந் தேதி காலமானார். அவர் திருமணமே செய்து கொள்ளவில்லை.

1881-ல் பாரிசில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு, மின்தடையின் அளவுக்கு அவர் பெயரையே வைத்தது.

நம் வீட்டுக் கணக்கு

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 230-ஐ 4-ஆல் வகுத்தால் 57.5 ஓம். அது பெட்டியின் மின்தடை. 230-ஐ 4-ஆல் பெருக்கினால் 920 வாட். அது அதன் சக்தி. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எனவே இந்தப் பெட்டியை ஒரு மணி நேரம் விடாமல் போட்டால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகிவிடும்.

வேறு வழியும் உண்டு. ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, மின்தடையாலும் பெருக்க வேண்டும். 4 பெருக்கல் 4, பெருக்கல் 57.5. அப்போதும் அதே 920 வாட். கம்பி சூடாகும் இந்தக் கணக்கை 1841-ல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் ஜூல். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பது இதன் பொருள்.

இரண்டு கம்பிகள் உரசிக் கொண்டால் மின்தடை அடியோடு குறைகிறது. ஆம்பியர் எகிறுகிறது. உடனே பியூஸ் உருகி ஆபத்தைத் தடுக்கிறது. நாலு பேர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரே பிளக்கில் ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் மாட்டுவதும், போன பியூசுக்குத் தடித்த கம்பியைச் சுற்றுவதும் தீயை அழைக்கும் வேலை. பியூஸ் தாங்கிவிடும், சுவருக்குள் இருக்கும் வயர் தாங்காது.

இந்தக் கணக்குக்கு வகுத்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். ஆனால் இதை உலகம் ஏற்றுக் கொள்ள ஓம் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார்.