2,500 வீடுகளின் கதவைத் தட்டிய ஆய்வாளர்: யார் இந்த டு பாய்ஸ்?

1896-ம் ஆண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஏழாவது வார்டு என்றாலே வறுமை, குற்றம் என்றுதான் பேச்சு. கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. இவங்ககிட்ட என்னதான் பிரச்சினை என்று ஆராய, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 28 வயது இளைஞர் ஒருவரை வேலைக்கு எடுத்தது. அவர்தான் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். ஆய்வை முடித்தபோது, அந்தக் கேள்வியையே அவர் திருப்பிப் போட்டிருந்தார்.

படிப்பு இருந்தும் வகுப்பறை இல்லை

1868-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட, வளர்த்தது அம்மாதான். அவரும் இறந்த பிறகு, ஊர்க்காரர்கள் சர்ச் மூலமாகத் திரட்டிய பணத்தில் கல்லூரிக்குப் போனார்.

அடுத்து ஹார்வர்டு, பெர்லின். 1895-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பின அமெரிக்கர் ஆனார். ஆனாலும் பென்சில்வேனியாவில் கிடைத்தது உதவியாளர் பதவிதான். பாடம் நடத்த வகுப்பு தரவில்லை.

தனி ஆளாக ஒரு சர்வே

புதுமணத் தம்பதியாக அதே வார்டில் ஓர் உணவகத்துக்கு மேலே ஒற்றை அறையில் குடியேறினார் டு பாய்ஸ். கேள்வித்தாள்களோடு அவரே வீடு வீடாகப் போனார். சுமார் 2,500 குடும்பங்கள். என்ன வேலை, எவ்வளவு வாடகை, எத்தனை அறை, எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று எல்லாம் கேட்டார். தங்களை ஆராய ஒருத்தர் வருகிறார் என்பதே அங்கே பலருக்குப் பிடிக்கவில்லை.

கேட்டதோடு நிற்கவில்லை. நூலகங்களில் அந்த நகரக் கறுப்பின மக்களின் பழைய வரலாற்றையும் தேடினார். வரலாறு, பொருளாதாரம், புள்ளியியல், நேரடி விசாரணை என எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் சேர்த்தார். இன்னைக்கு நாம் 'பல்துறை ஆய்வு' என்று சொல்வது இதைத்தான்.

1899-ல் வெளியான அந்த நூல் காட்டியது என்ன?

• தொழில் தெரிந்தாலும் கறுப்பினத்தவருக்கு வேலை தர முதலாளிகள் தயங்கினார்கள். பல தொழிற்சங்கங்களும் கதவைச் சாத்தின. மிஞ்சியது வீட்டு வேலையும் கூலி வேலையும்தான்.
• மோசமான வீட்டுக்கும் கூடுதல் வாடகை. சமாளிக்க, இருக்கிற அறையிலேயே வெளியாட்களையும் தங்கவைத்தார்கள். நெரிசல் கூடியது.
• 'அவங்க எல்லாரும் ஒரே மாதிரி' என்பதும் பொய். வசதியானவர்கள், உழைப்பாளிகள், பரம ஏழைகள் என்று வார்டுக்குள்ளேயே பல தரப்பினர் இருந்தார்கள். வீடு வீடாக நிறம் தீட்டி, வரைபடமாகவே போட்டுக் காட்டினார்.

அதாவது வறுமையும் குற்றமும் நோயின் அறிகுறிகள். நோய், ஒதுக்கிவைப்பதில் இருக்கிறது. அதேசமயம், பரம ஏழைகளின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் எழுதிய சில இடங்கள் இன்று படித்தால் உபதேசம் போலவே இருக்கும்.

டேட்டா மட்டும் போதுமா?

உண்மையை எடுத்துவைத்தால் மக்கள் மாறிவிடுவார்கள் என்று நம்பியவர் டு பாய்ஸ். 1899 அந்த நம்பிக்கையை உடைத்தது.

அப்போது அவர் அட்லாண்டாவில் பேராசிரியர். ஏப்ரலில், ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை வெள்ளையர் கும்பல் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. அதுபற்றி ஒரு பத்திரிகை ஆசிரியரைப் பார்க்கக் கிளம்பிய டு பாய்ஸ், இறந்தவரின் விரல் எலும்புகள் ஒரு கடையில் காட்சிக்கு இருப்பதாக வழியில் கேள்விப்பட்டார். அப்படியே வீடு திரும்பிவிட்டார். அடுத்த மாதம், அவருடைய கைக்குழந்தை டிஃப்தீரியாவில் இறந்தது.

ஆய்வை அவர் கைவிடவில்லை. 1900-ல் பாரிஸ் கண்காட்சிக்காக மாணவர்களோடு சேர்ந்து கையால் வரைந்த சுமார் 60 வண்ண வரைபடங்களை, இன்றைய டேட்டா டிசைனர்களும் வியந்து பார்க்கிறார்கள். ஆனால் எண்களோடு போராட்டமும் வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. 1909-ல் கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசிய சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1910-ல் பல்கலைக்கழக வேலையை விட்டு, சங்கத்தின் 'தி க்ரைசிஸ்' இதழைத் தொடங்கினார். முதல் இதழ் 1,000 பிரதிகள். பத்தே ஆண்டுகளுக்குள் அது 1 லட்சத்தைத் தொட்டது.

அம்பேத்கரின் கடிதம்

1946-ல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் பிரச்சினையை ஐ.நா.வுக்கு எடுத்துச்சென்ற மனுவின் பிரதி கிடைக்குமா என்று அதில் கேட்டிருந்தார். இந்தியாவின் தீண்டாமைக்கும் அமெரிக்காவின் நிறவெறிக்கும் உள்ள ஒற்றுமை இருவருக்குமே தெரிந்திருந்தது. அனுப்பிவைப்பதாக டு பாய்ஸும் பதில் எழுதினார்.

முதுமையிலும் நிம்மதி இல்லை. அமைதி இயக்கத்தில் ஈடுபட்டதால் 1951-ல், 83 வயதில், வழக்கைச் சந்தித்தார். விடுதலையானாலும் பல ஆண்டுகள் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. 1961-ல் கானாவுக்குக் குடிபெயர்ந்தவர், 1963 ஆகஸ்ட் 27-ல் அங்கேயே தனது 95-வது வயதில் காலமானார். மறுநாள் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பங்கேற்ற மாபெரும் பேரணி. அந்த மேடையில்தான் அவரது மரணச் செய்தி கூட்டத்துக்கு அறிவிக்கப்பட்டது.

ஒரு பகுதி மக்களைப் பார்த்து 'அவங்க அப்படித்தான்' என்று சொல்வது எளிது. அவங்களுக்கு வேலை கொடுக்க மறுத்தது யார், வீட்டுக்கு எவ்வளவு வாடகை வாங்கினார்கள் என்று கேட்பதுதான் ஆய்வு. அதைச் செய்து காட்டியவர் டு பாய்ஸ்.