மனமுண்டானால் மார்க்கமுண்டு: வைத்தியர் மேரி ரட்ணம்

மனமுண்டானால் மார்க்கமுண்டு என்று வகுப்பறையில் நாம் எல்லோரும் கட்டுரை எழுதியிருக்கிறோம். அதன்படி வாழ்ந்தவர் யாரென்று இன்று கேட்டால், என் நினைவில் முதலில் வருபவர் வைத்தியர் மேரி ரட்ணம் அம்மையார்.

மேரி ஏர்வின் என்ற பெயருடன் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். மருத்துவம் கற்கும் பெண்கள் அரிதாயிருந்த அக்காலத்தில் ரொறன்ரோவில் பயின்று வைத்தியரானார். யாழ்ப்பாணத்து இணுவிலில் பெண்களுக்கென அமெரிக்க மிஷன் அமைக்கவிருந்த வைத்தியசாலையில் பணிபுரியத் தெரிவானார். அதற்கிடையில் 1896இல், அமெரிக்காவில் சந்தித்த கனகரட்ணம் என்ற இலங்கைத் தமிழரை மணந்தார். அவரும் கிறிஸ்தவர்தாம். ஆயினும் இந்நாட்டவர் ஒருவரின் மனைவியாக வந்தவரை மிஷன் ஏற்கவில்லை. எந்தப் பணிக்காகக் கடல் கடந்தாரோ, அந்தப் பணியே இல்லாமற் போயிற்று. (அந்த இணுவில் வைத்தியசாலையில் பிறந்தவர்கள் இம்மலரை வாசிப்போரிலும் இருப்பார்கள்.)

அம்மையார் கப்பலேறித் திரும்பவில்லை. கொழும்பில் தங்கி, தாமாகவே வைத்தியத் தொழிலை நடத்தினார். மருந்து கொடுத்து அனுப்பிய தாய் சில மாதங்களில் அதே சோகையுடன் திரும்பி வருவதை இன்றும் நாங்கள் காண்கிறோம். நோயின் வேர் அடுப்படியிலும் கிணற்றடியிலும் இருக்கிறது. இதை உணர்ந்த அவர் பாடசாலைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியபோது முன்னின்று உழைத்தார். கனடாவின் கிராமப் பெண்கள் மன்றங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களிடையே போசாக்கு, சுத்தம், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைக் கொண்டுசென்றார். அவருடைய பணிகளில் இதுவே பெரிதென்பேன்.

1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண் உறுப்பினரானார். தேர்தல் மனுவொன்றினால் அந்த ஆசனமும் பறிபோனது. அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்ந்திருக்க நல்ல காரணமுந்தான். அவரோ மீண்டும் கிராமத்துப் பெண்களிடமே சென்றார்.

1958இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962இல் காலமானார்.