யானைக்கால் மாத்திரை தந்த சுப்பாராவ்

எங்கள் மீஞ்சூர் வீட்டில் ஆயாவுக்கு யானைக்கால். சின்ன வயசில், வீடு வீடாக அதற்கான மாத்திரை கொடுத்தபோது நான் வாங்கி ஜன்னல் வழியே எறிந்தவன். நமக்குத்தான் ஒண்ணும் இல்லையே என்ற நெனப்பு! டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ் வரலாற்றைப் படித்ததும் வெட்கமாகப் போச்சு.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்ததால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார் என்பார்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். தான். மனுஷன் அசரவில்லை. அமெரிக்கா போய் ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். பிறகு லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் 1947-ல் டைஎதில்கார்பமசின் வந்தது. முதல் டெட்ராசைக்கிளினான ஆரியோமைசினும் அங்கேதான் பிறந்தது. 1948-ல் மறைந்தார்.

அந்த மாத்திரை ரத்தத்தில் சுற்றும் குட்டிப் புழுக்களை அழிக்கும். வீங்கிய காலைப் பழையபடி ஆக்காது. வீக்கம் இல்லாதவர் ரத்தத்திலும் புழு இருக்கலாம். கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். அதனால்தான் எல்லோருக்கும் கொடுத்தார்கள். இது தெரியாமல்தான் நான் எறிந்தேன்.

ஆயாவின் கால் இனி மாறாது. மருந்து எதற்கென்று கேட்டுத் தெரிஞ்சுக்குவோம், சொன்னபடி முழுசா சாப்பிடுவோம் நண்பர்களே!