நிலவைக் காயவைத்த காமிராக் கலைஞர் மார்க்கஸ் பார்ட்லி

(நமது மாஹிம் நிருபர்)

மாஹிமிலும் தாராவியிலும் குடியிருந்த நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக மாட்டுங்கா அரோரா தியேட்டருக்கு நடந்து போய்த் தமிழ்ப் படம் பார்த்த காலம் ஒன்று உண்டு. அந்தத் தலைமுறையில் "மாயா பஜார்" கதை தெரியாதவர் அபூர்வம்.

கடோத்கஜனாக வந்த எஸ்.வி.ரங்காராவை எல்லோருக்கும் தெரியும். கண்ணனாக வந்த என்.டி.ராமராவையும், ஜெமினி கணேசனையும், சாவித்திரியையும் தெரியும். ஆனால் ஓடம் மிதக்கும் அந்த ஆற்றின் மேல் நிலவைக் காயவைத்தவர் யார் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவர்கூடப் பதில் சொல்லமாட்டார்.

அவர் பெயர் மார்க்கஸ் பார்ட்லி. ஆங்கிலோ இந்தியர். நாம் இருக்கும் இதே மும்பையில் தொழில் பழகி, சென்னைக்குப் போய்ப் புகழ் பெற்றவர்.

பத்திரிகைப் புகைப்படக்காரர்

பார்ட்லி 1917-ல் இலங்கையில் பிறந்தார். சிறு வயதிலேயே காமிராவில் ஆசை விழுந்துவிட்டது.

1930-களில் அன்றைய பம்பாயில் "டைம்ஸ் ஆப் இந்தியா" பத்திரிகையில் புகைப்படக்காரராக வேலை பார்த்தார். வி.டி. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே நிற்கும் கட்டடந்தான் அந்தப் பத்திரிகையின் கட்டடம். பிறகு "பிரிட்டிஷ் மூவிடோன்" நிறுவனத்துக்காகச் செய்திப் படங்கள் எடுத்தார்.

செய்திப்பட வேலை சுலபமானதல்ல. போன ஊர்வலத்தைத் திரும்ப வரச்சொல்ல முடியாது. இருக்கிற வெளிச்சத்தில், கிடைக்கிற நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்த மாத்திரத்தில் அளந்து சொல்லும் கண் இத்தகைய தொழிலில்தான் பழகும்.

எதிர்த்திசைப் பயணம்

நாம் பிழைப்புக்காக மதராஸ் மெயில் ஏறி இங்கே வந்தவர்கள். பார்ட்லி எதிர்த்திசையில் போனார். பி.என்.ரெட்டி இயக்கி, பானுமதி நடித்து 1945-ல் வெளிவந்த "ஸ்வர்க்க சீமா" என்ற தெலுங்குப் படத்துக்கு அவரே ஒளிப்பதிவு செய்தார்.

அதன்பின் நாகிரெட்டி, சக்ரபாணி இருவரின் விஜயா நிறுவனத்தில் சேர்ந்தார். வடபழனி வாகினி ஸ்டூடியோவே அவருடைய தொழிற்களம் ஆயிற்று.

1951-ல் "பாதாள பைரவி" தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கியபோது இந்தப் படமும் அதில் இடம் பெற்றது. பம்பாயை விட்டுப் போனவரின் கைவேலை, பல நாட்டுப் படங்களோடு அதே ஊருக்குத் திரும்பி வந்தது.

விளக்கில் பிறந்த நிலா

1955-ல் "மிஸ்ஸியம்மா", 1957-ல் "மாயா பஜார்". இரண்டிலும் நிலவொளிப் பாடல்கள் பெயர் பெற்றவை.

அந்தக் காலத்துப் பிலிமுக்கு உண்மையான நிலவொளி போதாது. படம் வெறும் இருட்டாகத்தான் விழும். ஆகவே ஸ்டூடியோ விளக்குகளைக் கொண்டே நிலவை உண்டாக்க வேண்டும். விளக்கைக் கூட்டினால் இரவு பகலாகிவிடும். குறைத்தால் கதாநாயகியின் முகம் தெரியாது.

பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒளி விழும்படி செய்தால் கூந்தலின் ஓரத்திலும் தோளிலும் வெள்ளிக் கம்பி போல் ஒரு கோடு தெரியும். தண்ணீரில் பளபளப்பு ஏறும். மற்ற இடத்தையெல்லாம் துணிந்து கறுப்பாகவே விட்டுவிட வேண்டும். எவ்வளவு விடுவது என்ற கணக்கில்தான் கலைஞனின் திறமை இருக்கிறது. அந்தக் கணக்கு பார்ட்லிக்குக் கைவந்திருந்தது.

"மாயா பஜார்" படத்தில் வரும் துவாரகை நகரம், 60 அடிக்கு 50 அடி இடத்தில் சுமார் 300 பொம்மை வீடுகளை வைத்துக் கட்டியது. கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத நாளில் அதை நிஜ நகரம் என்று நம்பும்படி செய்ததும் ஒளியமைப்புதான்.

கடலுக்குப் போனார்

ஸ்டூடியோவுக்குள் நிலவைப் படைத்தவர், பின்பு நிஜமான வெயிலுக்கும் கடலுக்கும் போனார். தகழியின் நாவலை ராமு காரியாட் "செம்மீன்" என்ற மலையாள வண்ணப்படமாக எடுத்தார். கேரளத்தின் நாட்டிகைக் கடற்கரையில் மீனவர் வாழ்க்கையைப் பார்ட்லி படம் பிடித்தார். 1965-ன் சிறந்த படத்துக்கான ஜனாதிபதி தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. அந்தப் பதக்கம் பெற்ற முதல் தென்னாட்டுப் படம் அதுவே.

1967-ல் நாகிரெட்டி இந்தியில் எடுத்த "ராம் அவுர் ஷியாம்" படத்தில் திலீப்குமார் இரட்டை வேடத்தில் தோன்றினார். அதற்கும் ஒளிப்பதிவு பார்ட்லிதான். காமிராவின் பாதியை மறைத்து ஒருவரை எடுத்து, பிலிமைத் திருப்பிச் சுற்றி, மறு பாதியில் அவரையே இன்னொருவராக எடுப்பதுதான் அக்கால இரட்டை வேட முறை. நூலளவு பிசகினாலும் நடுவில் கோடு விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

1969-ல் வெளிவந்த தமிழ்ப் படம் "சாந்தி நிலையம்". அதற்காகச் சிறந்த வண்ண ஒளிப்பதிவாளர் என்ற தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. 1993-ல் காலமானார்.

எந்த ஊர்க்காரர்?

நாடு விடுதலை பெற்றபின் ஆங்கிலோ இந்தியர்கள் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறினார்கள். பார்ட்லி வடபழனியில் விளக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். தமிழோ, தெலுங்கோ, மலையாளமோ அவருடைய தாய்மொழி அல்ல. ஆனால் அந்த மூன்று மொழிக்காரர்களும் அவர் எடுத்த படங்களைத் தங்கள் வீட்டுச் சொத்தாக நினைக்கிறார்கள்.

நீ எந்த ஊர், இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்கப்பட்ட நாட்களை மும்பைத் தமிழர்கள் 1960-களிலேயே பார்த்தவர்கள். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லி மாளாது. பார்ட்லி தம் வேலையால் பதில் சொன்னார். பதில் நிலைத்துவிட்டது.

2010-ல் தெலுங்கு "மாயா பஜார்" படத்துக்கு வண்ணம் சேர்த்து மறுபடியும் வெளியிட்டார்கள். வண்ணத்தை 53 ஆண்டு கழித்தும் சேர்க்கலாம். ஒளியும் நிழலும் மட்டும் படம் எடுத்த அன்றே சரியாக விழுந்திருக்க வேண்டும்.

தமிழ்ப் படம் கறுப்பு வெள்ளையிலேயே இருக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது, ஓடக் காட்சிக்கு முன்னால் படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். அவர் பெயர் அங்கே இருக்கும்.